தாழியும் தோம்பும்

ஆலங்குடாவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்

பொம்பரிப்பில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. புத்தளத்திலிருந்து எலுவன்குளம் போய், கலா ஓயாவைக் கடந்து, பழைய மன்னார் வீதி வில்பத்துக் காட்டுக்குள் நுழையும் பக்கம் போனால் பற்றைக்காடு, மணல், யானை நடந்த தடம். அவ்வளவுதான். இலங்கையின் முக்கியமான ஈமக்காடுகளில் ஒன்று அந்த மண்ணுக்குக் கீழே கிடக்கிறது என்று யாராவது சொன்னால்தான் தெரியும். தம்புள்ளைப் பக்கம் இப்பன்கட்டுவவில் கற்பலகைகளைப் பெட்டிபோல் இறக்கிய சவக்குழிகளையாவது எட்டிப் பார்க்கலாம். பொம்பரிப்பு தன்னிடம் உள்ளதை மண்ணுக்குள்ளேயே வைத்துக்கொண்டது.

அங்கே தோண்டியவர்கள் உண்டு. 1920களில் இலங்கையின் தொல்பொருள் ஆணையாளராக இருந்த ஏ. எம். ஹோகார்ட், 1956இல் பி. ஈ. பி. தெரணியகல, 1970இல் விமலா பெக்லியின் குழு. வெளியே வந்தவை பெரிய மண் தாழிகள். அவற்றுக்குள் மனித எலும்பு. கூடவே உட்புறமும் விளிம்பும் கறுத்து, வெளிப்புறம் சிவந்த கிண்ணங்கள். ஒரே தாழியில் ஒருவருக்கு மேற்பட்டவர்களின் எலும்புகள் இருந்தன. உடலை வேறெங்கோ வைத்து, தசை நீங்கிய பின்னர் எலும்பைப் பொறுக்கிக்கொண்டு வந்து தாழியில் இட்டிருக்கிறார்கள். பொறுக்கும்போது சிலது தவறும். வந்து சேர்ந்ததைப் போட்டு மூடியிருக்கிறார்கள்.

கடலுக்கு அப்பால் தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர் இருக்கிறது. 1876இல் ஜெர்மானியரான யாகோர் அங்கே தாழிகளைக் கண்டார். பிறகு அலெக்சாண்டர் ரீ வருடக்கணக்கில் தோண்டினார். பொம்பரிப்புத் தாழிகளைப் பார்த்த ஆய்வாளர்களுக்கு ஆதிச்சநல்லூர் நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை. அதற்குப் பிறகு தாழி யார் வீட்டுத் தாழி என்ற சண்டை தொடங்கியது. எலும்பாய்க் கிடப்பவர்களிடம் அடையாள அட்டை கேட்கும் அந்தச் சண்டைக்குள் இந்த உரை போகவில்லை. இங்கே எடுத்துக்கொண்ட கேள்வி சின்னது: இப்படி ஒரு தாழியை, இடிந்த கோட்டையை, உடைந்த ஓட்டை இன்றைய கலைஞன் கையில் எடுத்தால் என்ன செய்கிறான்?

பெரும்பாலானோர் முதலில் செய்வது ஒட்டுவது. உடைந்ததை முழுமையாக்கிப் பார்க்கும் ஆசை மனிதனுக்கு இயல்பு. அரசாங்கங்களுக்கு அது இன்னும் அதிகம். அநுராதபுரத்தில் மிரிசவெட்டிய தாதுகோபத்தைப் புதுப்பித்து உயர்த்திக்கொண்டிருந்தார்கள். 1987இல் கட்டியது சரிந்து விழுந்தது. மறுபடி கட்டினார்கள். இன்று அங்கே போகிறவர் பார்ப்பது வெள்ளை வெளேரென்ற ஒரு முழு வடிவம். அதற்குள் எது பழையது, எது நேற்றையது என்று சொல்லத் தெரிந்தவர் அருகில் இருந்தால்தான் உண்டு.

தமிழ்நாட்டில் இந்த ஆசை வேறு வழியில் போகிறது. கீழடிக்குப் பக்கத்துக் கொந்தகை ஈமக்காட்டில் கிடைத்த இரண்டு மண்டையோடுகளுக்கு 2025இல் முகம் கொடுத்தார்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அனுப்பிய அளவுகளை வைத்து, லிவர்பூல் ஜோன் மூர்ஸ் பல்கலைக்கழகத்தின் முக ஆய்வுக்கூடம் கணினியில் செய்த வேலை அது. எலும்பின் மேல் தசை எவ்வளவு தடிப்பில் இருக்கும் என்று கணக்கிட வழி உண்டு. கண்ணின் இடமும் பல்வரிசையும் எலும்பிலேயே எழுதியிருக்கும். தோல் நிறம், முடி, பார்வையில் தெரியும் பாவம் எல்லாம் எலும்பில் இல்லை. அவை வரைபவரின் தேர்வு. படம் வெளிவந்ததும் மக்கள் சண்டை பிடித்தது அந்தக் கடைசி விஷயத்தைப் பற்றித்தான். கறுப்பு போதாதாம், கூடிப்போயிற்றாம்! மண்டையோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவரை ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை.

இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் பழைய கற்கள் ஓவியர்களைப் பிடித்துக்கொண்டன. ஹென்றி மூர் 1921இல் நிலவொளியில் ஸ்டோன்ஹெஞ்சைப் பார்த்துவிட்டு வந்தவர். ஐம்பது வருடம் கழித்து, 1970களின் தொடக்கத்தில், அதைக் கல்லச்சுப் படங்களாக வரைந்தார். போல் நாஷ் 1933இல் ஏவ்பரியின் நடுகற்களைக் கண்டு, 1935இல் அந்தக் கற்களுக்குப் பதில் வயல்வெளியில் உருளையும் கட்டமும் நிறுத்தி ஓவியம் தீட்டினார். அழகான வேலைகள். ஆனால் அவர்கள் பார்த்த கற்களுக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு சண்டையும் இல்லை. அந்தக் கல்லைக் காட்டி யாரும் யாரையும் ஊரைவிட்டுத் துரத்தவில்லை.

இலங்கைக் கலைஞனுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. 1943இல் கூடிய '43 குழு' ஓவியர்கள் சீகிரியாவையும் விகாரைச் சுவரோவியங்களையும் ஐரோப்பிய நவீனத்தோடு சேர்த்துப் பார்த்தவர்கள். ஜோர்ஜ் கீற் பொரளை கோதமி விகாரைச் சுவர்களில் வரைந்தது அதற்குச் சற்று முன்னர். அவர்களுக்குப் பழமை ஒரு கருவூலம். 1990களில் வந்தவர்களுக்கு அப்படி இருக்கவில்லை. அவர்களில் முக்கியமானவர் ஜகத் வீரசிங்க. 1954இல் பிறந்தவர், ஓவியர். அதே நேரம் தொல்லியலாளர். கொழும்பிலுள்ள தொல்லியல் பட்டப்பின் நிறுவகத்தில் படிப்பித்து, அதன் தலைமையையும் வகித்தவர். பகலில் இடிபாட்டைப் பாதுகாக்கிற கை, மாலையில் அந்த இடிபாட்டை வைத்து நாட்டில் நடக்கும் அரசியலைக் கேள்வி கேட்கிறது. 1992இல் அவர் நடத்திய கண்காட்சியின் பெயரே பதற்றத்தைக் குறிப்பது.

யந்திரகல் என்று ஒரு பழம்பொருள் உண்டு. அநுராதபுர, பொலனறுவைக் காலத்து இடிபாடுகளில் அடிக்கடி கிடைக்கும். சதுரக் கல்லில் வரிசையாகக் குழிகள்: ஒன்பது, இருபத்தைந்து, சிலவற்றில் அதற்கும் கூட. சிலையை நிறுத்துவதற்கு முன்னர் அந்தக் குழிகளில் புனிதப் பொருள்களை இட்டு, மேலே சிலையை ஏற்றுவார்கள். இன்று நூதனசாலைகளில் இருக்கும் கற்களில் குழிகள் மட்டும் இருக்கின்றன. புதையல் தேடியவர்கள் உள்ளே இருந்ததை எப்போதோ எடுத்துப் போய்விட்டார்கள். வீரசிங்க அந்தப் பெயரையும் யாத்திரையையும் சேர்த்து ஒரு படைப்பே செய்தார். ஒன்றுமில்லாத குழியைச் சுற்றி வலம் வருகிற கூட்டம் என்ற எண்ணம், தொல்லியலைத் தொழிலாகச் செய்கிறவருக்குத்தான் இவ்வளவு கூர்மையாக வரும்.

எம்பிலிப்பிட்டியில் 1989, 1990 காலத்தில் காணாமலாக்கப்பட்ட பாடசாலை மாணவர்களுக்காக, பாராளுமன்றத்துக்குக் கிட்டடியில் அவர் ஒரு நினைவிடமும் அமைத்தார். அப்பாவிகளின் ஆராமம் என்று பொருள்படும் பெயர். பழைய பௌத்த மடங்களுக்கு வழங்கிய சொல்லைக் கொன்றொழிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு எடுத்துக் கொடுத்தார். சில வருடங்களில் அதுவும் கவனிப்பாரற்றுச் சிதைந்து, கடைசியில் அகற்றப்பட்டது. ஈராயிரம் வருடத்து ஆராமத்துக்கு வேலி போட்டுக் காவல் வைக்கும் நாடு, பத்துப் பன்னிரண்டு வருடத்து ஆராமத்தைக் காப்பாற்றவில்லை.

மேற்குக் கரையில் வாழ்கிறவர்களுக்கு இன்னும் நெருக்கமான ஓர் உதாரணம் கேரளத்தில் இருக்கிறது. புத்தளம் களப்புக்கு வடக்கே குதிரைமலை முனையைப் பலர் உரோம நூலாசிரியர் பிளினி எழுதிய ஹிப்பூரோஸ் என்று கொள்கிறார்கள். அனியுஸ் பிளோக்கமுஸ் என்ற உரோமரின் ஆள் ஒருவர் அரேபியக் கரையோரம் காற்றில் அள்ளுண்டு, பதினைந்தாம் நாள் வந்து ஒதுங்கிய துறை அது என்பது அவர் எழுதிய கதை. அதே பிளினி பேசும் இன்னொரு துறைமுகம் முசிறி. அது இருந்த இடம் என்று கருதப்படும் பட்டணம் என்ற ஊரில், 2007 முதல் கேரள வரலாற்று ஆய்வுக் கழகம் பி. ஜே. செரியன் தலைமையில் தோண்டியது. உரோமச் சாடிகளின் உடைசல், மணிகள், மிளகு கிடைத்தன. எல்லாவற்றுக்கும் மேலாக உள்ளூர் மண்பானை ஓடுகள், குவியல் குவியலாக.

அகழ்வாய்வு நடக்கும் இடத்தில் ஓட்டுக்கு உள்ள மரியாதை விசித்திரமானது. குழியிலிருந்து எடுக்கும்போது தங்கம் போல எடுப்பார்கள். கழுவி, காயவைத்து, எண் போட்டு, விளிம்புள்ளது, அடிப்பாகம், கோலம் கீறியது என்று பிரிப்பார்கள். மிஞ்சும் வெறும் வயிற்றுப்பாகத் துண்டுகளை எண்ணி, நிறுத்து, ஒரு மூலையில் கொட்டுவார்கள். இந்தியக் கலைஞர் விவான் சுந்தரம் கேட்டு வாங்கியது அப்படி ஒதுக்கிய ஓடுகளை. 2012 டிசம்பரில் தொடங்கிய முதலாவது கொச்சி-முசிரிஸ் பினாலேயில், ஆஸ்பின்வால் ஹவுஸ் என்ற பழைய வணிகக் கட்டடத்தில், அவற்றைத் தரையில் அடுக்கி ஒரு நகரம் செய்தார். படைப்பின் பெயர் 'கருப்புத் தங்கம்'. ஓடுகளுக்கு நடுவே மிளகு. அந்த நகரத்துக்குள் தண்ணீர் புகுந்து மிளகு மிதப்பதைப் படம்பிடித்துப் பக்கத்தில் ஓடவிட்டார். 1341இல் பெரியாற்றில் வந்த வெள்ளம் முசிறியை முடித்துவைத்தது என்று சொல்லப்படுவதை அறிந்தவருக்கு அந்தத் தண்ணீர் என்னவென்று புரியும். அறியாதவருக்கும் ஓர் ஊர் நனைவது தெரியும்.

அவர் அந்த ஓடுகளை ஒட்டவில்லை. ஒரு பானைகூட முழுசாக எழவில்லை. துண்டு துண்டாகவே கிடந்து, துண்டாகவே சுவரும் தெருவும் ஆயிற்று. சில்லுக்கோடு விளையாட ஓடு பொறுக்கிய பிள்ளை எவருக்கும் இந்த வித்தை தெரியும்: பானையாக இருந்தபோது அதற்கு ஒரு வேலை, சில்லானபின் வேறு வேலை. சுந்தரம் 2023 மார்ச்சில் காலமானார்.

சீனக் கலைஞர் ஐ வெய்வெய் 1995இல் ஹான் காலத்துச் சாடி ஒன்றைக் கையிலிருந்து நழுவவிட்டு, அது தரையில் சிதறுவதை மூன்று கறுப்பு வெள்ளைப் படங்களாக எடுத்தார். உலகம் முழுக்கப் பேசப்பட்ட செயல். பழமையை அழித்த அரசைக் கேலி செய்தார் என்று விளக்கம் சொல்வார்கள். விளக்கம் சரியாகவே இருக்கலாம். ஆனால் இலங்கையில் நின்று பார்க்கையில் அது அவ்வளவாக எடுபடவில்லை. உடைத்துக் காட்டுவதற்கு இந்த நாட்டில் ஆள் தட்டுப்பாடு வந்ததேயில்லை.

அதைவிட ஈராக்கியத் தாய்வழி வந்த அமெரிக்கர் மைக்கேல் ரகோவிட்ஸ் செய்தது இந்தக் கரைக்குக் கிட்ட வருகிறது. 2003 ஏப்ரலில் பக்தாத் நூதனசாலை சூறையாடப்பட்டது. 2007 முதல் அவரும் உதவியாளர்களும் அங்கே தொலைந்த பொருள்களை ஒவ்வொன்றாக, அதே அளவில், மத்திய கிழக்கு உணவுப் பொட்டலங்களாலும் அரபுச் செய்தித்தாள்களாலும் செய்துவருகிறார்கள். 2015இல் ஐ.எஸ். இயக்கத்தினர் நினிவேயின் நெர்கல் வாசலில் நின்ற சிறகு முளைத்த காளையை உடைத்தார்கள். மனித முகமும் காளை உடலும் கொண்ட, ஏறத்தாழ 2,700 வருடம் காவல் நின்ற உருவம். 2018 மார்ச்சில் அது லண்டன் டிரஃபல்கர் சதுக்கத்தில் எழுந்தது, பேரீச்சம்பழப் பாகு அடைத்த தகரப் பேணிகளால். மொத்தம் 10,500 பேணி. போர்களில் அழிந்த ஈராக்கின் பேரீச்சைத் தோட்டங்களும் அந்தச் சிற்பத்துக்குள் வந்துவிட்டன. நோன்பு காலத்தில் பேரீச்சம்பழப் பெட்டி சேராத வீடு புத்தளத்தில் இருக்காது. அந்தப் பெட்டியில் ஒரு சிற்பம் இருப்பதாக இங்கே யாருக்கும் இதுவரை தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் காளையை நெருங்கிப் பார்த்தால் பேணியில் அச்சடித்த நிறமும் எழுத்தும் அப்படியே தெரியும். கல் என்று யாரும் ஏமாற முடியாது. உண்மையான காளை இல்லை என்பதை அதன் தோலே சொல்லிக்கொண்டிருக்கும். மிரிசவெட்டியின் வெள்ளைப் பூச்சும் கொந்தகை முகங்களின் கணினித் தோலும் மூடிவிடுகிற இடத்தை இந்தத் தகரம் திறந்தே வைத்திருக்கிறது. சுந்தரத்தின் ஒட்டாத ஓடும், வீரசிங்கவின் வெறுங்குழியும் சேர்கிற இடம் அதுதான். தொலைந்தது தொலைந்ததாகவே கண்ணில் படவேண்டும் என்பதில் இந்த மூவருக்கும் ஒரே பிடிவாதம்.

இனி ஆலங்குடாவுக்குத் திரும்பலாம்.

இங்கிருந்து வடக்கே கற்பிட்டிக் கோட்டை இருக்கிறது. போர்த்துக்கேயர் இருந்த இடத்தில் 1667 தொடக்கம் 1676 வரை ஒல்லாந்தர் கட்டியது. முருகைக்கல் சுவர், வாசல் மட்டும் செங்கல். இன்று கடற்படையின் பொறுப்பில். ஒல்லாந்தர் விட்டுச்சென்றவற்றில் கோட்டையைவிட நீண்ட நாள் உழைத்த ஒரு பொருள் உண்டு: தோம்பு. யாருக்கு எந்தக் காணி, எத்தனை தென்னை, எத்தனை தலை, என்ன வரி, என்ன ஊழியம் என்று எழுதிவைத்த பதிவேடு. தலைத் தோம்பு, காணித் தோம்பு என்று இரண்டு வகை. வழக்கு என்று வந்தால் கிழவர்கள் இன்னும் அந்தச் சொல்லை எடுப்பார்கள்.

அந்தச் சொல்லைத்தான் தா. சனாதனன் எடுத்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு படிப்பிக்கும் ஓவியர். 2004இல், எரிந்து மறுபடி கட்டிய யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 'அகம் புறம்' என்ற கண்காட்சி நடந்தபோது, வீடு வீடாகச் சேகரித்த சாதாரணப் பொருள்களை வைத்து ஓர் இன்ஸ்டலேஷன் செய்தார். நூதனசாலை எடுத்துவைக்காத பொருள்களுக்கு ஒரு நூதனசாலை. 2011இல் அவருடைய 'முற்றுப்பெறாத தோம்பு' நூல்வடிவப் படைப்பாக வந்தது. இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்களிடம் போய், விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து வரைந்து தரச் சொன்னார். அவர்கள் வரைந்த திட்டம் ஒன்று, அதைக் கட்டடக் கலைஞர் முறைப்படி கோடு போட்டு எழுதியது ஒன்று, சனாதனன் தானே வரைந்தது ஒன்று. மூன்றும் ஒரே வீடுதான், மூன்றும் ஒத்துப்போவதில்லை. ஒல்லாந்தத் தோம்பு வரி அறவிட எழுதியது. இந்தத் தோம்பில் உள்ள காணிக்கு வரியும் கிடையாது, உறுதியும் கிடையாது.

மன்னாரில் மாந்தைத் துறைமுகத்தைத் தோண்டிக்கொண்டிருந்த ஜோன் கார்ஸ்வெல்லின் கதையையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். அவர் ஓவியம் படித்துவிட்டு அகழ்வாய்வுக்கு வந்தவர். 1980இல் தொடங்கிய வேலை 1984இல் போரால் நின்றது. அகழ்வாய்வு அறிக்கை முழு நூலாக வெளிவர 2013 ஆயிற்று. இடையில், 1990 ஒக்டோபர் கடைசியில், வட மாகாண முஸ்லிம்கள் அத்தனை பேரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். எழுபத்தையாயிரம் பேர் அளவில். மன்னாரிலிருந்து வள்ளங்களில் ஏறியவர்கள் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினார்கள். ஆலங்குடாவும் அதைச் சுற்றிய ஊர்களும் அவர்களுக்கு இடம் கொடுத்தன. கிடுகு முகாம்கள் வந்தன, பிறகு கல்வீடு. தோண்டியவர்களின் குறிப்பேடு வெளிநாட்டில் காத்திருந்த அதே வருடங்களில், அந்த மண்ணில் பிறந்தவர்கள் இந்த மணலில் காத்திருந்தார்கள்.

போர் முடிந்தபின் சிலர் போய்ப் பார்த்தார்கள். யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் கூரையற்ற சுவர்கள் நின்றன, சுவருக்குள் மரம். ஆலவேர் ஒரு சுவரைப் பிளக்க இருபது வருடம் போதும். அந்த இடிபாட்டுக்குள் நின்று புகைப்படம் எடுத்தவர், சுற்றுலாப் பயணி அநுராதபுரத்தில் நிற்பதுபோல நின்றிருப்பாரா? அவர் தேடியது குசினி இருந்த மூலையாக இருக்கும்.

வெளிநாட்டுப் பாணியில் இங்கே ஒரு சிற்பப் பூங்கா வரவேண்டும், பொம்பரிப்புத் தாழியைப் பத்து மடங்கு பெருப்பித்துச் சந்தியில் நிறுத்த வேண்டும் என்று யோசனை சொல்வதற்கு ஆள் இருப்பார்கள். டொல்பின் பார்க்க வருகிறவர்களுக்கு அது நன்றாகவும் இருக்கும். ஆனால் சீமெந்துத் தாழிக்குள் போடுவதற்கு எதுவும் இராது. அதைவிட எளிய வேலை ஒன்று இந்த ஊர் முற்றங்களில் இருக்கிறது. அஸருக்குப் பிறகு, வெயில் தாழ்ந்த நேரம், அறுபதைத் தாண்டிய ஓர் உம்மம்மாவிடம் ஓர் ஈர்க்கைக் கொடுத்து, மன்னாரிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்த வீட்டை மணலில் கீறிக் காட்டச் சொன்னால் போதும். சதுரம் போட்டுத் தொடங்குவார். படலை, முற்றம், விறாந்தை. கிணறு மட்டும் அறையைவிடப் பெரிதாக வரும். முருங்கை எந்தப் பக்கம் நின்றது என்பதில் பக்கத்தில் இருக்கும் தங்கச்சியோடு ஒரு சின்னத் தர்க்கம் வரும். வீட்டின் பின்பக்கத்துக்கு வரும்போது ஈர்க்கு நிற்கும். அங்கே ஒரு கதவு இருந்தது. அது உள்ளே திறந்ததா வெளியே திறந்ததா என்பது நினைவில் இல்லை. அந்த இடத்தில் கோட்டை மூடாமல் விட்டுவிட்டு, அடுத்த பக்கம் வேலியைக் கீறத் தொடங்குவார்.